அத்தை மகனைக் கட்டியதால் வந்ததா?

ஆட்டிசம் உள்ள என் மகனின் மரபணுச் சோதனை ரிப்போர்ட் வந்த அன்று அத்தை கேட்டது ஒரே கேள்விதான். “யாரு பக்கத்துல இருந்து வந்துச்சாம்?”

அத்தை எனக்கு மாமியார் மட்டுமல்ல, என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. நான் கட்டியிருப்பது அவர் மகனை. பாளையங்கோட்டையில் எங்கள் சொந்தத்தில் பாதிக் கல்யாணங்கள் இப்படித்தான் நடந்திருக்கின்றன. 2017-இல் மகனுக்கு மூன்று வயதானபோது ஆட்டிசம் என்று சொன்ன டாக்டர், அவன் பெயரைக் கேட்ட கையோடு “சொந்தத்துல கல்யாணமா?” என்றும் கேட்டார். ஆமாம் என்றோம். அதை ஃபைலில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு கோட்டை வைத்துக்கொண்டு நாங்களே நான்கு வருடம் கணக்குப் போட்டோம்.

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் டீச்சர். மெண்டலின் பட்டாணியை வருடா வருடம் கரும்பலகையில் வரைகிறவள். ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு (அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரிவது) எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதனாலேயே வீட்டில் மற்றவர்களைவிட எனக்குப் பயம் அதிகம். என்னால் அதைக் கட்டம் போட்டுப் பார்க்க முடிந்ததே!

மரபணுச் சோதனை செய்யலாமா வேண்டாமா என்று தெரபி சென்டரில் பழக்கமான பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். போனில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால்தான் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மகனுக்குப் பிறந்தபோதே தலை பெரிது. “அறிவாளிப் புள்ள” என்பார் அத்தை. கழுத்து வழியாக மாட்டும் பனியன் எதுவும் அவனுக்கு இறங்காது; முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைதான். வெளிக்கு இருப்பது நான்கு நாளைக்கு ஒரு தடவை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தால் விடிகிறவரை கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடை. தலையைப் பற்றிப் பெருமைப்பட்டோம், வயிற்றுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தோம், தூக்கத்துக்குத் தாயத்து கட்டினோம். மூன்றும் ஒரே விஷயமாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

2021-இல் சென்னையில் ஒரு மரபணு மருத்துவரைப் பார்த்தோம். அவர் முதலில் எடுத்தது தையற்காரர் டேப். மகனின் தலையை அளந்தார். அந்த வயதுக்கான வரைபடத்தில் மேல்கோட்டையும் தாண்டியிருந்தது. அப்புறம் என் தலையையும் என் வீட்டுக்காரர் தலையையும் அளந்தார். சில குடும்பங்களில் எல்லோருக்குமே தலை பெரிதாக இருக்குமாம், அதில் கவலைப்பட ஒன்றும் இல்லையாம். எங்கள் இருவருக்கும் சாதாரண அளவு.

பிறகு மூன்று தலைமுறைக்கு வட்டமும் சதுரமுமாக ஒரு குடும்பப் படம் வரைந்தார். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவே இரட்டைக் கோடு போட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். “சொந்தம்னா ரெண்டு கோடு போடணும்கறது வெறும் அடையாளம்மா, வேற ஒண்ணும் இல்ல” என்றார்.

இந்தப் படத்துக்கான விவரங்களை வீட்டிலேயே சேகரித்துக்கொண்டு போங்கள். சிறு வயதில் இறந்த குழந்தைகள், கருச்சிதைவுகள், வலிப்பு, காது கேளாமை, படிப்பில் பின்தங்கியவர்கள், யாருக்கு எந்த வயதில் என்று எல்லாம் வேண்டும். வீட்டில் மூத்த பெண்மணியிடம்தான் கேட்க வேண்டும், ஆண்களுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. என் வீட்டுக்காரருக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து பதினோராம் நாள் இறந்துபோனது என்பதை அத்தை அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னார். அவர் மகனுக்கே அது தெரியாது.

மூன்று சோதனைகள் எழுதிக் கொடுத்தார். முதலாவது குரோமோசோம் மைக்ரோஅரே. டிஎன்ஏ-வில் பெரிய துண்டு ஏதாவது காணாமல் போயிருக்கிறதா, கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது. 2007-இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஜொனாதன் செபாட், மைக்கேல் விக்லர் குழுவினர், குடும்பத்தில் தனியாக ஒரு பிள்ளைக்கு மட்டும் ஆட்டிசம் இருந்த 118 பேரைப் பார்த்தார்கள். அதில் 12 பேரிடம், அப்பா அம்மா இருவரிடமும் இல்லாத துண்டு மாற்றங்கள் புதிதாக இருந்தன. அதற்குப் பிறகுதான் இந்தத் துறை “பரம்பரை” என்ற ஒரே திசையை விட்டு வேறு பக்கமும் பார்க்க ஆரம்பித்தது.

இரண்டாவது, ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறுக்கான சோதனை. இது ஏன் தனியாக என்று கேட்டேன். எக்ஸ் குரோமோசோமில் ஒரு மூன்றெழுத்துத் தொடர் 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் வருவது அது. வழக்கமான எக்ஸோம் சோதனை அதைப் பிடிக்காது. விலை அதிகமான சோதனையைச் செய்துவிட்டோம், எல்லாம் அதில் அடங்கிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அடங்காது.

மூன்றாவதுதான் எக்ஸோம். புரதம் செய்யும் குறிப்புகள் உள்ள பகுதியை மட்டும், மொத்த டிஎன்ஏ-வில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு, எழுத்தெழுத்தாகப் படிப்பது. எங்களுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் ஆனது. பணம் கட்டும் முன்பு மருத்துவர் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார்: பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. கனடாவில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் மைக்ரோஅரே, எக்ஸோம் இரண்டும் செய்த 95 குழந்தைகளில் 15.8 சதவீதம் பேருக்குத்தான் காரணம் கிடைத்தது. ஒன்றும் கிடைக்காவிட்டால் மரபணுக் காரணம் இல்லை என்று ஆகிவிடாது, இன்றைய கண்ணுக்குத் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டுக்கொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.

ரத்தம் எடுப்பது தனிக் கதை. முதல் தடவை நான்கு பேர் பிடித்தும் முடியவில்லை, நானும் அழுதேன். இரண்டாவது தடவை இரண்டு வாரம் வீட்டில் ஒத்திகை பார்த்தோம்: ஊசியில்லாத சிரிஞ்சு, கையில் கட்டும் ரப்பர், என் கை, அவன் தங்கச்சி கை, அப்புறம் அவன் கை. மரத்துப்போக வைக்கும் க்ரீமை ஒரு மணி நேரம் முன்பே தடவினோம். காலையில் முதல் ஆளாகப் போனோம், கூட்டம் சேரும் முன்பு. ஒரே குத்தில் முடிந்தது. சில லேப்களில் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தோ எச்சில் எடுத்தோ செய்வார்கள். அதையும் கேட்டுப் பாருங்கள், எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

மைக்ரோஅரேயில் துண்டு எதுவும் காணாமல் போகவில்லை. ஆனால் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஒரே மாதிரி வந்த நீளமான பகுதிகள் இருப்பதாக ஒரு வரி இருந்தது. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைக்கு அது பொதுவாக வரும். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஆறு வாரம் கழித்து எக்ஸோம் ரிப்போர்ட். அதில் இரண்டு மாற்றங்களைக் குறித்திருந்தார்கள். ஒன்று சிஎச்டி8 என்ற மரபணுவில், ஒரு பிரதியில் மட்டும். ‘நோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்’ என்ற வகை. இன்னொன்று வேறொரு மரபணுவில், இரண்டு பிரதியிலும். ‘பொருள் தெளிவாகாதது’ என்ற வகை. என் கண் எதில் போய் நின்றிருக்கும் என்று சொல்ல வேண்டுமா? இரண்டு பிரதி. என்னிடமிருந்து ஒன்று, அவரிடமிருந்து ஒன்று. நான்கு வருடமாகக் கட்டம் போட்டது அச்சில் வந்துவிட்டது. இரண்டு நாள் அந்த வரியையே தேடித் தேடிப் படித்தேன். சிஎச்டி8-ஐ ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் என்னைப் போல் செய்யாதீர்கள். ‘பொருள் தெளிவாகாதது’ என்றால் அர்த்தம் அதுதான், பாதிக் குற்றவாளி என்று அல்ல. உலகத்து மரபணுத் தரவுகளில் ஐரோப்பிய வம்சாவளியினர்தான் மிக அதிகம். நம் ஊரில் சாதாரணமாகப் பலரிடம் இருக்கும் மாற்றம்கூட அந்தப் பட்டியலில் அபூர்வமானதாகத் தெரியும். மருத்துவர் எங்கள் இருவரின் மாதிரியோடு மகளின் மாதிரியையும் சேர்த்து அனுப்பினார். அவளிடமும் அதே மாற்றம், அதே இரண்டு பிரதி. ஓடியாடி, வாயாடி, ஸ்கூலில் எல்லோரையும் மேய்க்கிற பெண். அந்த வரி அங்கேயே செத்தது.

சிஎச்டி8 மாற்றம் எங்கள் இருவரிடமும் இல்லை.

புரியவில்லை என்பது போல் இரண்டு தடவை கேட்டேன். இல்லை. மகன் உருவான நேரத்தில் புதிதாக நேர்ந்த ஓர் எழுத்துப் பிழை. என் மாணவர்களுக்குச் சொல்வதைப்போலச் சொல்கிறேன். ‘படம் மரம் கடல்’ என்று மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டிய வரியில் முதல் ‘ட’ விழுந்துவிட்டது என்று வையுங்கள். மூன்று மூன்றாகவே படித்தால் ‘பம்ம ரம்க டல்’ என்று வரும். ஓரெழுத்துதான் போனது, ஆனால் அதற்குப் பின்னால் வருவது எதுவும் தேறாது. அவனுடைய ஒரு பிரதியில் நடந்தது அதுதான். அப்படிப் புதிதாக வரும் சின்ன மாற்றங்கள் ஒவ்வொரு மனிதரிடமும் சுமார் 60, 70 இருக்கின்றன, உங்களிடமும் என்னிடமும். பெரும்பாலும் அவை ஒன்றும் செய்யாத இடத்தில் விழுகின்றன. ஐஸ்லாந்தில் 2012-இல் கணக்கிட்டார்கள்: அப்பாவின் வயது ஒரு வருடம் கூடினால் பிள்ளையிடம் இப்படிப்பட்ட மாற்றம் இரண்டு கூடுகிறதாம். “அப்ப என் வயசுதான் காரணமா?” என்றார் வீட்டுக்காரர். அவருக்கு அப்போது 34. இந்தக் குறிப்பிட்ட பிழை எப்படி வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அடுத்த பிள்ளைக்கு மறுபடி வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று போல, பூஜ்யம் இல்லை. சில சமயம் பெற்றோரின் கருமுட்டை அல்லது விந்தணுக்களில் சிலவற்றில் மட்டும் அது ஒளிந்திருக்கலாம்.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். “உங்க பக்கத்துல இருந்தும் வரல, எங்க பக்கத்துல இருந்தும் வரல. ரெண்டும் ஒரே பக்கம்தான், அங்க இருந்தே வரல.” அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து, “தம்பி மகள நாந்தானட்டி கேட்டுக் கட்டி வச்சேன்” என்றார். நான்கு வருடமாக அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாருக்காக விளக்குப் போட்டார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னைக் குற்றம் சொல்கிறார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் சிஎச்டி8-ஐப் படிக்க உட்கார்ந்தேன். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஈவன் ஐக்லர் என்ற மரபியல் அறிஞரின் ஆய்வகம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. 2012-இல் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் எக்ஸோமைப் படித்தபோது அவர்களுக்கு இந்த மரபணு திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது. 2014-இல் வளர்ச்சித் தாமதமோ ஆட்டிசமோ உள்ள 3,730 குழந்தைகளிடம் அந்த ஒரு மரபணுவை மட்டும் தேடிப் படித்தார்கள். 15 பேரிடம் மாற்றம் கிடைத்தது. ஒப்பிடுவதற்கு வைத்திருந்த 8,792 பேரில் ஒருவரிடம்கூட மரபணுவைப் பாதியில் நிறுத்துகிற மாதிரி மாற்றம் இல்லை. அந்தக் குழந்தைகளிடம் பொதுவாக இருந்தவை என்ன தெரியுமா? ஆட்டிசம், பெரிய தலை, அகன்ற நெற்றி, வயிற்றுக் கோளாறு. பலருக்குத் தூக்கமும் பிரச்சினை. என் மகனைப் பார்த்து எழுதியது போல் இருந்தது.

அடுத்த பகுதிதான் டீச்சரான எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர்களோடு சேர்ந்த குழு ஒன்று அதே மரபணுவை வரிக்குதிரை மீனில் குலைத்துப் பார்த்தது. (நம் நாட்டு ஆற்று மீன்தான் அது, கங்கைச் சமவெளியில் சாதாரணமாகக் கிடைக்கும்.) குஞ்சுப் பருவத்தில் அதன் உடல் கண்ணாடி போல இருப்பதால் உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். மீன்களுக்கும் தலை பெரிதானது. குடல் அசைவும் மந்தமானது, ஏனென்றால் குடல் சுவரில் இருக்க வேண்டிய நரம்பணுக்கள் குறைந்திருந்தன. சிஎச்டி8 செய்யும் புரதம் டிஎன்ஏ சுருளை இறுக்கித் தளர்த்தி, வேறு பல மரபணுக்கள் எப்போது வேலை செய்ய வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற ஒன்று. மூளைக்கும் குடலுக்கும் அதே மேற்பார்வையாளர்.

அவன் வயிறு அடம் அல்ல என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வெட்கத்தோடு இன்னொன்றும் சொல்கிறேன். சில வாரம் அவன் ஜட்டியில் தண்ணீராக ஒழுகும். வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்த மாத்திரை கொடுத்திருக்கிறோம். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு குழந்தைகளுக்கான வயிற்று மருத்துவரிடம் போனபோது எக்ஸ்ரே எடுத்தார். பெருங்குடல் முழுக்கக் கல் மாதிரி மலம். அதன் ஓரமாகக் கசிந்ததுதான் அந்தத் தண்ணீர். நாங்கள் கொடுத்த மாத்திரை நிலைமையை இன்னும் மோசமாக்கியிருக்கிறது. பாலி எத்திலீன் கிளைக்கால் என்ற மலமிளக்கிப் பொடி எழுதிக் கொடுத்தார். முதலில் குடலைக் காலி செய்ய, பிறகு பல மாதம் தினமும், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து. இரண்டு நாள் சரியானதும் நிறுத்திவிடக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காரும்போது காலுக்கடியில் ஒரு முக்காலி, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்த இருபது நிமிடத்தில் உட்கார வைக்க வேண்டும்.

இரண்டு மாதத்தில் அவன் மேசை விளிம்பில் வயிற்றை இடித்துக்கொள்வது நின்றது. ராத்திரி நடை வாரத்துக்கு ஏழு நாளிலிருந்து மூன்று நாளானது. தெரபிஸ்ட் என்ன புதிதாகச் செய்தீர்கள் என்று கேட்டார். வெளிக்கு இருக்க வைத்தோம் என்றேன்.

மரபணு ரிப்போர்ட் இல்லாமலே மலச்சிக்கலைக் கவனித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டால் பதில், கவனித்திருக்கலாம்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளை திடீரென்று கத்தினால், அடித்துக்கொண்டால், முதலில் வயிறு, பல், காது மூன்றையும் பாருங்கள். அதற்கு ஒரு பைசா சோதனை தேவையில்லை.

ரிப்போர்ட்டால் பேச்சு வரவில்லை. இப்போது அவனுக்கு 11 வயது. டேப்லெட்டில் படத்தைத் தொட்டுக் கேட்பான், சில சொற்கள் சொல்வான். அதெல்லாம் ஸ்பீச் தெரபியாலும் அவன் உழைப்பாலும் வந்தது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் இந்த ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை; அதற்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற மதிப்பீட்டு மதிப்பெண்தான்.

இதே மரபணு மாற்றம் உள்ள இன்னொரு பிள்ளை சரளமாகப் பேசுகிறானாமே, இவன் ஏன் பேசவில்லை என்று ஒரு சொந்தக்காரர் கேட்டார். அதற்கும் ஓரளவு பதில் இருக்கிறது. 2022-இல் ஹார்வர்டில் பாவோலா ஆர்லோட்டாவின் குழு, ஸ்டெம் செல்களிலிருந்து (வேறு வகை செல்களாக மாறக்கூடியவை) மூளைத் திசுவின் சின்ன உருண்டைகளை வளர்த்தது. சிஎச்டி8 உட்பட மூன்று ஆட்டிசம் மரபணுக்களை அவற்றில் தனித்தனியாகக் குலைத்தார்கள். மூன்றிலுமே குறிப்பிட்ட சில வகை நரம்பணுக்கள் முதிரும் நேரம்தான் தப்பியது. பந்தியில் சாம்பார் ஊற்றும் முன்பே மோர் வந்து நிற்கிற மாதிரி. மோரில் குறை ஒன்றும் இல்லை, வந்த நேரம்தான் சரியில்லை. எவ்வளவு தப்பியது என்பது, செல் யாரிடமிருந்து எடுத்தது என்பதைப் பொறுத்தும் மாறியது. ஒரே பிழையானாலும், அது விழுந்த மீதி டிஎன்ஏ வேறு வேறு. 2020-இல் வெளியான பெரிய ஆய்வொன்று, 35,584 பேரின் எக்ஸோமைப் பார்த்து 102 மரபணுக்களை ஆட்டிசத்தோடு சேர்த்துச் சொன்னது. அதில் ஒன்றுதான் எங்களுடையது.

ரிப்போர்ட் வந்த கொஞ்ச நாளில் ஓர் இடத்திலிருந்து போன். அவன் எலும்பு மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்துச் செலுத்தினால் சரியாகிவிடுமாம், சில லட்சம். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. அவன் மஜ்ஜையிலும் அதே எழுத்துப் பிழைதானே இருக்கும் என்றேன். மறுமுனையில் பேச்சு இல்லை. ஆட்டிசத்துக்கு இந்தச் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் போன்கள் வருகின்றன.

இன்னொன்று. எங்கள் கதையை வைத்துக்கொண்டு சொந்தத்தில் கட்டினால் ஒன்றும் ஆகாது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். எங்கள் கொழுந்தனாருக்குப் பெண் பார்த்தபோது அப்படித்தான் ஒரு பேச்சு வந்தது, நான்தான் குறுக்கே விழுந்தேன். ஒடுங்கு பண்பாக வரும் நோய்கள் சொந்தத் திருமணத்தில் அதிகம் வருவது உண்மை. 2008-இல் பாஸ்டனில் கிறிஸ்டோபர் வால்ஷ் குழு, மத்திய கிழக்கு நாடுகளில் உறவுக்குள் மணந்த குடும்பங்களில் ஆட்டிசத்தின் சில காரணங்களை அந்த வழியிலேயே கண்டுபிடித்தது. எங்களுக்கு வந்தது அந்த வழியில் வரவில்லை, அவ்வளவுதான். கொழுந்தனாருக்குத் தூத்துக்குடியில் அசலில் பெண் எடுத்தோம்.

கடைசியாக, ஃபைல் விஷயம். ரிப்போர்ட்டின் நகலோடு, சோதனையின் மூலத் தரவையும் பென் டிரைவில் கேட்டு வாங்கிவிடுங்கள். ஒன்றும் கிடைக்காதவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இரண்டு வருடம் கழித்துப் புது ரத்தம் இல்லாமல் அதே தரவைத் திரும்பப் படிக்கலாம், அதற்குள் தெரிந்த மரபணுக்களின் பட்டியல் வளர்ந்திருக்கும். ரிப்போர்ட் கையில் வரும் நாளிலேயே மருத்துவரிடமோ மரபணு ஆலோசகரிடமோ நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், என்னைப்போல் இரண்டு நாள் தனியாகப் படித்துக்கொண்டிருக்காமல்.

எங்கள் வீட்டு அடுப்படியில் மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. பால் கணக்குக்கு ஒரு கட்டம், கேஸ் சிலிண்டர் வந்த தேதிக்கு ஒரு வட்டம். அவற்றுக்குக் கீழே, மகன் வெளிக்கு இருக்கும் நாளிலெல்லாம் அத்தை சிவப்புப் பேனாவில் ஒரு டிக் போடுகிறார். மூன்று நாள் டிக் விழாவிட்டால் நான்காம் நாள் காலையில் காபி கொடுக்கும் முன்பே எனக்குத் தகவல் வந்துவிடும். நேற்று டிக் போட்டுவிட்டு மகனிடமே பேனாவைக் கொடுத்தார். அவன் அன்றைய தேதியை விட்டுவிட்டு மாதம் முழுக்க டிக் போட்டு வைத்திருக்கிறான்.